பாத்திரம் யார் கையில் இருக்கிறது? வீட்டு உள்ளறை ஓவியங்களில் வர்க்கத்தைப் படிக்கும் முறை

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஓவியம் பார்க்கச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வரையச் சொல்லிக்கொடுப்பவர்கள் இந்தப் பகுதியில் போதுமான அளவு இருப்பதால் நான் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். வருபவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு. காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இளைஞர் ஒருவர் உண்டு. பேரன் பேத்தி எடுத்த இரண்டு பெண்மணிகளும் உண்டு.

முதல் ஆண்டில் ஒரு நாள், பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தின் அச்சுப்படியை விரித்து வைத்து, சுவரின் அடியில் வரிசையாகப் பதிந்திருக்கும் நீலச் சித்திர ஓடுகளைச் சுட்டிக்காட்டி, இது வசதியான வீடு என்பதற்கு இந்த அலங்காரமே சாட்சி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் உட்கார்ந்திருந்த மாணவி குறுக்கிட்டாள்.

“சார், அது அழகுக்கு இல்ல. தரை துடைக்கும்போது அழுக்குத் தண்ணி சுவத்துல தெறிக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. எங்கம்மா வேலை செய்யற வீட்லயும் அப்படித்தான் ஒட்டியிருக்கு.”

அவள் சொன்னது சரி. டெல்ஃப்ட் நகரத்து ஓடுகள் அக்கால டச்சு வீடுகளில் சுவரின் அடியில் பதிக்கப்பட்டதற்கு முதல் காரணம் ஈரம். நம் ஊர்க் கொத்தனார்கள் ‘ஸ்கர்ட்டிங்’ என்று சொல்கிற அதே வேலை. நான் ஓட்டின் விலையிலிருந்து தொடங்கினேன். அவள் அதைத் துடைக்கும் கையிலிருந்து தொடங்கினாள். அந்த ஓவியத்தில் நிற்பவளும் ஒரு வேலைக்காரப் பெண் என்பதை நினைத்துப் பார்த்தால், யாருடைய பார்வை ஓவியத்துக்குள் நுழைந்தது, யாருடையது வாசலில் நின்றது என்பது எனக்கு உறைத்தது. அன்றைக்குப் பிறகு வகுப்பின் முறையையே மாற்றிக்கொண்டேன். இங்கே எழுதுவது அந்த மாற்றிய முறை.

முறையின் சாரம் இவ்வளவுதான்: ஒரு பொருளின் விலையை ஊகிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யார் கை அதைத் தொடுகிறது, எந்த வழியாக அந்த வீட்டுக்குள் வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். விலையை நம்ப முடியாததற்குக் காரணம், அது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் தலைகீழாக மாறிவிடும் என்பதுதான். யான் வான் ஐக் 1434இல் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதியர் ஓவியத்தில் சன்னல் திட்டிலும் அதன் கீழேயும் சில ஆரஞ்சுப் பழங்கள் கேட்பாரற்றுக் கிடக்கும். தங்கசாலைத் தெருவில் தள்ளுவண்டியில் கிலோக் கணக்கில் ஆரஞ்சு வாங்கும் கண்ணுக்கு அவை ஒன்றுமே இல்லை. தெற்கிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டிய, வான் ஐக் வாழ்ந்த அன்றைய புரூஜ் நகரத்திலோ, பழத்தை இப்படிச் சிதறவிட முடிந்ததே செல்வத்தின் அறிவிப்பு.

தொடங்குவதற்கு முன்

ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் தொகுப்பின் பெரும்பகுதியை மிகப் பெரிய படக் கோப்புகளாக இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ள விடுகிறது. கைப்பேசியில் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பது வசதிதான் என்றாலும், அப்படிப் பார்க்கும்போது ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் இடையிலுள்ள தூரம் கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. வர்க்கம் பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் கலர் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ‘பால் ஊற்றும் பெண்’ மூல ஓவியமே சுமார் 45 சென்டிமீட்டர் உயரமும் 41 சென்டிமீட்டர் அகலமும் கொண்டதுதான் என்பதால், ஏ3 அச்சு மூலத்தின் முக்கால் பங்குக்குச் சற்றே குறைந்த அளவைத் தந்துவிடும்.

அச்சின் மேல் ஒரு டிரேசிங் ஷீட்டைக் கிளிப் போட்டு வையுங்கள். சிவப்பு, நீலம் என்று இரண்டு கலர் பென்சில் போதும். அன்றாடம் கை படுகிற பொருள்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். பார்வைக்கென்று வைத்த பொருள்களை நீலத்தில் வட்டமிடுங்கள். இரண்டிலும் சேராதவற்றை அப்படியே விட்டுவிடுங்கள், பிறகு அவற்றுக்குத் திரும்பி வரலாம். வட்டமிட்டு முடியும் வரை ஓவியத்தைப் பற்றி எதையும் படிக்காமல் இருப்பது நல்லது. முகங்களைப் பார்க்காதீர்கள் என்றுகூடச் சொல்வேன்; முகம் கதை சொல்லத் தொடங்கிவிட்டால் பாத்திரங்கள் பின்னுக்குப் போய்விடும்.

தரை

தரையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், அறையில் அதிகம் உழைப்பு வாங்குவது அதுதான் என்பது. டச்சு ஓவியர் பீட்டர் டி ஹோக் 1629இல் ராட்டர்டாமில் ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தவர். டெல்ஃப்டில் இருந்த நாட்களில் அவர் வரைந்த முற்றங்களில் செங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். காரை போன இடமும் பாசி பிடித்த இடமும் தெரியும். 1660ஐ ஒட்டி ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்த பிறகு அவருடைய அறைகளில் சலவைக்கல் தரையும் பொன்வண்ணத் தோல் ஒட்டிய சுவர்களும் வந்து சேர்கின்றன. செங்கல்லிலிருந்து சலவைக்கல்லுக்கு வந்ததை ஒரு வர்க்கப் பயணமாகப் படிக்கலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. அக்கால வீட்டுச் சொத்துப் பட்டியல்களையும் கட்டடப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், கறுப்பு வெள்ளைச் சலவைக்கல் தரை உண்மையான டச்சு வீடுகளில் அரிதாகவே இருந்தது, பெரும்பாலான அறைகளில் மரப்பலகைத் தரையே இருந்தது என்று கண்டிருக்கிறார்கள். அதாவது ஓவியத்தை வாங்கியவர் தன் வீட்டில் இல்லாத தரையைச் சுவரில் மாட்டிக்கொண்டார். இந்த இடத்தில் நீங்கள் படிப்பது அந்த வீட்டின் வர்க்கத்தை என்பதைவிட, அந்த வீட்டார் எட்டிப் பார்த்த வர்க்கத்தை என்பதே பொருந்தும்.

அதே ஓவியங்களில் துருக்கிக் கம்பளம் தரையில் கிடக்காமல் மேசை மேல் விரிந்திருப்பதையும் கவனியுங்கள். செருப்புக் கால் படுவதற்கு அது மிக விலை உயர்ந்த பொருள். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே சோபாவைப் பல ஆண்டுகள் வைத்திருந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

ராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் இன்னும் மிச்சமிருக்கிற பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரையில் சமையலறை வாசற்படியருகே மட்டும் நிறம் போய் வழவழப்பாக ஓர் இடம் இருக்கும். பல பத்தாண்டுகள் ஒரே ஆள் உட்கார்ந்து அரிந்த, புடைத்த, தேய்த்த இடம் அது. ஓவியத்திலும் இப்படித் தேய்ந்த இடத்தைத் தேடுங்கள். ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தில் சன்னல் கண்ணாடி ஒன்று உடைந்திருக்கிறது. சுவரில் ஆணியும் ஆணி பிடுங்கிய துளைகளும் இருக்கின்றன. வரவேற்பறையில் இவை உடனே சரிசெய்யப்பட்டிருக்கும். பின்கட்டில் யாரும் அவசரப்படவில்லை.

தண்ணீர்

வட சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதியை அதிகம் விளக்க வேண்டியதில்லை. லாரித் தண்ணீர் வரும் நாளில் தெரு முனையில் வரிசை கட்டியிருக்கும் பிளாஸ்டிக் குடங்களில், எது யாருடையது என்பது தெரிவதற்காக, கழுத்தில் ஒரு கந்தல் துணியோ பெயின்ட் பொட்டோ இருக்கும். 1772இல் கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோக வெட்டிய கிணறுகளின் பெயரைத்தான் ஏழுகிணறு பகுதி இன்றும் தாங்கி நிற்கிறது. தண்ணீர் முதலில் யாருக்குப் போயிற்று, யாருக்குப் பிறகு வந்தது என்பது இந்த நகரத்தின் பழைய கதை.

ஓவியத்தில் இதைப் பயில்வதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ஷார்தேனைவிட நல்ல ஆசான் கிடையாது. 1734ஐ ஒட்டி அவர் வரைந்த ‘செப்புத் தண்ணீர்த் தொட்டி’ லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏ4 தாள் அளவே உள்ள சிறிய மரப்பலகையில், மூன்று கால் மரத்தாங்கியின் மேல் மூடி போட்ட செப்புத் தொட்டி ஒன்று, அடியில் குழாய், பக்கத்தில் வாளி. மனிதர் யாரும் இல்லை. அந்தத் தொட்டி ஓவியரின் சொந்த வீட்டிலேயே இருந்த பொருள்.

அக்காலப் பாரிஸில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. தண்ணீர்க்காரர்கள் வாளியில் சுமந்து மாடிப்படி ஏறி வந்து விற்பார்கள். வாங்கியதை இப்படியொரு தொட்டியில் ஊற்றி வைத்துக் குழாயைத் திறந்து பிடித்துக்கொள்வார்கள். ஆகவே மூடியும் குழாயும் உள்ள செப்புத் தொட்டி என்பது, தண்ணீரை விலைக்கு வாங்கிச் சேர்த்து வைக்க முடிந்த ஒரு நடுத்தர வீட்டின் பெருமை. அண்டா நிறைய பிடித்து மூடி வைத்துவிட்டேன் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லும்போது குரலில் வருமே ஒரு நிம்மதி, அதையொத்தது. சிவப்புப் பென்சிலை எடுத்து வாளியின் கைப்பிடியை வட்டமிடுங்கள், குழாயை வட்டமிடுங்கள், மூடியின் குமிழை வட்டமிடுங்கள். எல்லாமே கை படும் இடங்கள், ஆனால் கை எதுவும் ஓவியத்தில் இல்லை. படியேறி வந்தவர் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

இதோடு சேர்த்து, அவரே 1738இல் வரைந்த, கிளாஸ்கோவின் ஹன்டேரியன் அருங்காட்சியகத்திலுள்ள பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் ஓவியத்தையும் பார்க்கச் சொல்வேன். மரப்பீப்பாயின் மேல் குனிந்து, சட்டியைக் கவிழ்த்துப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கும் அவள் சட்டென்று தலையைத் திருப்பி எங்கோ பார்க்கிறாள். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். சமையலறைச் செம்பு பளபளப்பதை ஓவியங்களில் கண்டு மயங்குகிறவர்கள், அந்தப் பளபளப்புக்கு ஒரு வேலை நேரம் இருக்கிறது என்பதை இவளிடம் தெரிந்துகொள்ளலாம். செம்பும் பித்தளையும் எவர்சில்வருக்குத் தோற்றுப்போனதற்கு விலை ஒரு காரணம் என்றால், புளி போட்டுத் தேய்த்தாக வேண்டும், உள்ளே ஈயம் பூச ஆள் தேட வேண்டும் என்பதெல்லாம் இன்னொரு காரணம். வேலைக்கு ஆள் வைத்திருந்த வீடுகளில் பித்தளை அதிக காலம் பளபளத்தது.

பொதுவாக ஒரு விதி சொல்லலாம்: வசதி ஏற ஏறத் தண்ணீர் கண்ணில் படாமல் போய்விடும். நம் பகுதியில் ஒற்றை அறை வீட்டில் குடங்களும் நீல நிற டிரம்மும் அறையின் பாதியை அடைத்துக்கொண்டிருக்க, சம்ப்பும் மோட்டாரும் உள்ள வீட்டில் தண்ணீரின் தடயமே தெரியாது. ஓவியத்துக்குள் நுழைந்ததும் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அது இல்லாத அறையில், அதைக் கொண்டுவருகிறவர் வேறெங்கோ இருக்கிறார்.

துணி

எங்கள் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் பகுதி இதுதான். பேட்டையின் பெயரே அப்படி. டி ஹோக் 1663இல் வரைந்த ‘துணி அலமாரி’ ஓவியம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டு பெண்கள் மடித்த வெள்ளைத் துணிகளை ஒரு பெரிய மர அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் வாசல் நிலையருகே ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது. முதல் பார்வையில் அலமாரிதான் கண்ணை நிறைக்கும். இழைத்து ஒட்டிய மரவேலைப்பாடு. பீரோவைச் சீதனமாகக் கொண்டுவந்தவர்களுக்கு அதன் பெருமை தெரியும். ஆனால் அந்த வீட்டின் செல்வம் அலமாரியைவிட அதற்குள் போகிற துணியில் இருக்கிறது. லினன் துணி அன்று சொத்து. மகளுக்குக் கொடுக்கும் சீர், விதவைக்கு மிஞ்சும் பங்கு, சொத்துப் பட்டியலில் எண்ணி எழுதப்படும் பொருள். துணி ஏராளமாக இருந்தால் அடிக்கடி துவைக்க வேண்டியதில்லை என்பதும், மொத்தமாகச் சேர்த்து வெளியே வெளுக்கக் கொடுக்கலாம் என்பதும் அதிலேயே அடக்கம்.

இப்போது அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வாருங்கள். அது எங்கே வெளுத்தது? ஹார்லெம் நகரத்துக்கு வெளியே இருந்த வெளுப்பு வயல்கள் அக்காலத்தில் புகழ் பெற்றவை. யாக்கோப் வான் ரூயிஸ்டேல் 1670களில் வரைந்த ஹார்லெம் காட்சிகளில், பாதிக்கும் மேல் மேகம் நிறைந்த வானத்தின் கீழே, புல்வெளியில் நீள நீளமாக வெள்ளைத் துணி விரிந்திருக்க, எறும்பளவுக்கு மனிதர்கள் குனிந்து வேலை செய்கிறார்கள். அவர்களின் முகம் தெரியாது. உள்ளறை ஓவியத்தில் மடிப்புக் கலையாமல் அலமாரிக்குள் போகும் துணி, நிலக்காட்சி ஓவியத்தில் வெயிலில் கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் டி ஹோக்கைப் படித்தேன் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் வந்ததும் இப்படித்தான். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் இது. நம் ஊருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு துணி வணிகம் நடத்தினார்கள்; சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகள் கப்பலேறி டச்சு வீடுகளுக்குப் போயின. ஆகவே பதினேழாம் நூற்றாண்டு டச்சு அறை ஒன்றில் பூப்போட்ட பருத்தித் துணி தென்பட்டால், டிரேசிங் ஷீட்டின் ஓரத்திலிருந்து அதற்கு ஓர் அம்புக்குறி போடச் சொல்கிறேன். அம்பு தாளுக்கு வெளியிலிருந்து வர வேண்டும்.

விளக்கும் கட்டிலும்

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பேருக்கு எத்தனை விளக்கு என்று எண்ணுங்கள். வான் கோ 1885இல் நியூனென் கிராமத்தில் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்தில் ஐந்து பேருக்கு ஒரு தொங்கும் விளக்கு, ஒரே தட்டு. ஆனால் அங்கேயும் சுவரில் ஒரு கடிகாரமும் ஒரு சமயப் படமும் இருக்கின்றன. நீலப் பென்சிலுக்கு வேலை இல்லாத வீடு உலகத்தில் இல்லை. ஏழை வீடு என்றால் ஒன்றுமே இருக்காது என்று நினைத்துக்கொண்டு பார்ப்பவர் அந்தக் கடிகாரத்தைத் தவறவிடுவார். ஆர்னோல்ஃபினி ஓவியத்தில் பல கிளைகள் கொண்ட பித்தளைச் சரவிளக்கில் பட்டப்பகலில் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிகிறது. இதற்குப் பலரும் பல விளக்கம் தருகிறார்கள், நான் அந்தச் சண்டைக்குள் போவதில்லை.

கட்டில் சுவாரசியமானது. அதே ஆர்னோல்ஃபினி அறையில் சிவப்புத் துணி போர்த்திய கட்டில் விருந்தினரை வரவேற்கும் அறையிலேயே இருக்கிறது. அக்காலத்தில் அது காட்டிப் பெருமைப்படும் பொருள். வியாசர்பாடியில் ஒற்றை அறை வீட்டில் வாசல் திறந்ததும் கட்டில் தெரிகிறது என்றால் அதற்குக் காரணம் வேறு. பகலில் அது சோபா, மாலையில் பிள்ளைகளின் படிப்பு மேசை, அடியில் அரிசி மூட்டை. ஒரே பொருள், ஒரே இடம், நேரெதிர் அர்த்தம். எனவே கட்டிலைக் கண்டதும் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடியில் வெற்றிடம் இருந்தால் அந்த வீட்டில் வேறு அறைகள் உண்டு.

வெறுமையையும் இப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஹம்மர்ஷோய் கோபன்ஹேகனில் தான் 1898 முதல் 1909 வரை குடியிருந்த வீட்டைத் திரும்பத் திரும்ப வரைந்தார்: சாம்பல் நிறச் சுவர், ஒரு கதவு, ஒரு நாற்காலி, முதுகு காட்டி நிற்கும் பெண். அது இல்லாமையால் வந்த வெறுமை ஆகாது. பொருள்களை வேறு அறைக்கு நகர்த்தி வைக்க இடமிருந்தவரின் வெறுமை.

இரவல் பொருள்கள்

என் பெற்றோர் திருமணமான புதிதில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட புகைப்படத்தில், அப்பாவின் கையில் கடிகாரம் இருக்கிறது. பக்கத்து முக்காலியில் தொலைபேசி இருக்கிறது. கடிகாரம் ஸ்டுடியோக்காரருடையது. தொலைபேசிக்கு ஒயரே கிடையாது. அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டின் நிலையைக் கணித்தால் எவ்வளவு தவறு வருமோ, அவ்வளவு தவறு ஓவியத்திலும் வரலாம்.

வெர்மீரின் பல ஓவியங்களில் வெவ்வேறு பெண்கள் ஒரே மஞ்சள் நிற மேலாடையை, வெண்ணிற மென்மயிர் விளிம்புடன், அணிந்திருக்கிறார்கள். அவர் இறந்த பிறகு 1676இல் எழுதிய சொத்துப் பட்டியலில் அப்படியொரு மேலாடை குறிக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்த ஆடையையே மாதிரிப் பெண்களுக்கு மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார் என்று கொள்ளலாம். அந்த வீட்டின் உண்மை நிலையையும் அதே ஆண்டின் பதிவுகள் சொல்கின்றன: ரொட்டிக் கடையில் 600 கில்டருக்கு (அக்கால டச்சு நாணயம்) மேல் ஏறிப்போன பாக்கிக்காக அவருடைய மனைவி இரண்டு ஓவியங்களை ரொட்டிக்காரரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. ஓவியத்துக்குள் முத்தும் பட்டும். ஓவியமோ மளிகைப் பாக்கிக்கு ஈடு.

ஒரு ஓவியரின் நான்கைந்து படங்களை ஒன்றாகப் பரப்பி, திரும்பத் திரும்ப வரும் நாற்காலி, குவளை, திரை ஆகியவற்றைத் தனியே குறித்துக்கொண்டால் இரவல் பொருள்கள் பிடிபட்டுவிடும். நம் பக்கத்து ஓவியங்களிலும் இந்தச் சோதனை பலிக்கும். தஞ்சாவூர்ப் பலகை ஓவியத்தில் வெண்ணெய்த்தாழியோடு உட்கார்ந்திருக்கும் கண்ணனைப் பாருங்கள். கதைப்படி அவன் மாடு மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளை. ஓவியத்தில் அவன் சாய்ந்திருக்கும் திண்டும், மேலே தொங்கும் திரையும், பல படங்களில் வருகிற கண்ணாடி விளக்கும் அரண்மனையிலிருந்து வந்தவை. தாழி ஒன்றுதான் ஆயர்பாடியிலிருந்து வந்த பொருள். சிவப்பு வட்டம் அதற்கு மட்டுமே கிடைக்கும், கை அதற்குள்தானே இருக்கிறது.

ராஜா ரவிவர்மாவின் உருவப்படங்களில் வரும் செதுக்கு நாற்காலியும் கனத்த திரையும் தரை விரிப்பும் இதே கேள்விக்கு உட்பட்டவை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத் தொகுப்பில் அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. அவருடைய விஷயத்தில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த படங்கள் வழியாக, ஓவியமே சாமானிய வீட்டின் சுவரில் தொங்கும் ஒரு சாமானாகிவிட்டது. இதற்கு டச்சு முன்னோடி உண்டு: 1640இல் ஆம்ஸ்டர்டாம் போன ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி, ரொட்டிக்காரர், கசாப்புக்காரர், கொல்லர் ஆகியோரின் கடைகளில்கூட ஓவியங்கள் இருந்ததைக் குறித்துவைத்திருக்கிறார். ஆகவே உள்ளறை ஓவியத்துக்குள் ஒரு படம் தொங்கினால், படம் இருக்கிறதே என்று வியக்காமல், சட்டம் போட்டதா, ஆணியில் நேராக அடித்ததா என்று பாருங்கள்.

வந்த வழி

பாட்டி வீட்டுப் பரணில் பித்தளைத் தவலை ஒன்று இருந்தது. கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் அவருடைய தந்தையின் பெயரும் ஊரும் இருக்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அது அடகுக் கடைக்குப் போகும்; தை பிறக்கும்போது பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அது இல்லாத மாதங்களில் பரணில் தூசி படியாத ஒரு வட்டம் தெரியும். அதைச் சீர் என்று சொல்வதா, சேமிப்பு என்று சொல்வதா என்று கேட்டால், ஆண்டில் பாதி நாள் அது இரண்டாவதுதான்.

ஓவியத்தில் பொருள் வந்த வழி எளிதில் தெரியாது என்றாலும் சில தடயங்கள் உண்டு. ஒரே மேசையில் ஜோடி சேராத கிண்ணங்கள் இருந்தால் அவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளிலிருந்து வந்திருக்கும். ஒட்டுப்போட்ட பீங்கான், எறிவதற்கு மனம் வராத வீட்டைச் சொல்லும். எல்லாமே ஒரே நிறத்தில் ஒரே கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தால் பணம் புதியது. இவை ஊகங்கள்தாம், இரண்டு தடயமாவது ஒத்துப்போனால் மட்டும் எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் அண்மைக் காலத்து வீட்டறையை வரைந்த ஓவியம் என்றால், ஆண்டைப் பார்க்காமல் படிக்கவே கூடாது. 1980களில் ஒரு வீட்டில் வண்ணத் தொலைக்காட்சி இருந்தது என்றால் தெருவே அங்கே கூடியிருக்கும். 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்கும், 2011இல் வந்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துக்கும் பிறகு, குடிசையின் உள்ளே தொலைக்காட்சி இருப்பது வர்க்கத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அப்போது பார்க்க வேண்டியது அதைச் சுற்றி இருப்பதை: அதன் மேல் எம்ப்ராய்டரித் துணி போர்த்தியிருக்கிறதா, சாமி படம் ஏறி உட்கார்ந்திருக்கிறதா, ஒயர் எந்த வழியாக வருகிறது, அரசு வழங்கியது என்ற குறியைச் சுரண்டி எடுத்திருக்கிறார்களா. சுரண்டிய தடம் ஒன்று போதும், ஒரு பக்கம் எழுதலாம்.

விட்டுப்போன பொருள்கள்

2022இல் ரைக்ஸ் அருங்காட்சியக ஆய்வாளர்கள் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தின் அடுக்குகளை ஊடுருவிப் பார்த்தபோது, அவளுடைய தலைக்குப் பின்னால் குவளைகள் தொங்கவிடும் மரத்தாங்கி ஒன்றையும், தரையருகே நெருப்புக் கூடை ஒன்றையும் வெர்மீர் முதலில் வரையத் தொடங்கி, பிறகு மூடிவிட்டதைக் கண்டறிந்தார்கள். இப்போது அங்கே வெறும் சுவரும், நீல ஓடுகளும், கால் காயும் சிறு கணப்புப் பெட்டியும் இருக்கின்றன. சமையலறைச் சாமான்களைக் குறைத்ததால் அந்தப் பெண் பெரிதாகிவிட்டாள். அவளுடைய வேலையின் அளவு எவ்வளவு என்பது மட்டும் சுவருக்குள் போய்விட்டது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, எதையும் நகர்த்தாமல், தெரிகிற அறையை இருபது நிமிடத்தில் பென்சிலால் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் இதைச் செய்தபோது குடங்கள் பாதிப் படங்களில் காணாமல் போயிருந்தன. ஃப்ரிட்ஜ் எல்லோர் படத்திலும் உள்ளதைவிடப் பெரிதாக இருந்தது. ஓடுகளைப் பற்றி என்னைத் திருத்திய மாணவி தன் வீட்டின் ஒவ்வொரு குடத்தையும் வரைந்திருந்தாள், ஆனால் கதவுக்குப் பின்னால் எப்போதும் தொங்கும் அவளுடைய அம்மாவின் வேலைப் பையை வரையவில்லை. கேட்டதற்கு, “அது அம்மாவோடது சார், வீட்டோடது இல்ல” என்றாள்.

வரைந்து முடித்ததும் மறுபடி வாசலில் உட்கார்ந்து, விட்டுப்போன பொருள்களின் பெயர்களை அதே தாளின் பின்புறத்தில் எழுதுங்கள். அடுத்த முறை டி ஹோக்கின் அலமாரி அறையைத் திறக்கும்போது அந்தத் தாளைத் திருப்பிப் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அந்த அறையில் இடம் எங்கே இருந்திருக்கும் என்று பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.